செம்பனை மரபணுப் படம் பைதானில் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குப் பெரும்பாலும் செம்பனை, சிலருக்கு ரப்பர். அப்பா குலை வெட்டிய மரத்தின் மரபணுவை மகள் திரையில் பார்க்கிறாள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம். அதனால்தான் விடுமுறைக்கு ஊருக்கு வந்து "அக்கா, படம் சரியா வரல" என்று மடிக்கணினியைத் திறப்பவர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

எந்தப் படம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குரோமோசோமின் ஒரு துண்டைக் கிடைக்கோடாக வைத்து, அதன்கீழ் தடம் தடமாக அடுக்குவோம். ஒரு தடத்தில் ரீடுகள் (வரிசை வாசிக்கும் கருவி படித்துத் தந்த சிறு துண்டுகள்) எவ்வளவு குவிந்துள்ளன என்ற மேடு பள்ளம், அடுத்ததில் மரபணுப் பெட்டிகள், அதற்கடுத்து மாறுபட்ட எழுத்துகளின் புள்ளிகள். எழுத்து என்று நான் சொல்வது டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி என்ற எழுத்துகளை. பைதானில் இதை மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம் கொண்டு கையாலேயே வரையலாம், அல்லது பைஜீனோம்ட்ராக்ஸ் போன்ற ஆயத்தக் கருவியிடம் ஓர் அமைப்புக் கோப்பைக் கொடுக்கலாம். கீழே உள்ளவை இரண்டுக்கும் பொருந்தும்.

எதைச் சரிசெய்யத் தொடங்கும் முன்பும், விடை தெரிந்த ஓர் இடத்தை வரைந்து பாருங்கள். செம்பனையில் அதற்கு ஏற்றது ஷெல் மரபணு. கொட்டையின் ஓடு தடிமனா, மெல்லியதா, இல்லவே இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். தடித்த ஓட்டு டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் இணைத்தால் கிடைக்கும் டெனெராவே இன்று நம் தோட்டங்களில் நிற்பது. மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் தலைமையில் அந்த மரபணு 2013இல் நேச்சர் இதழில் அடையாளம் காட்டப்பட்டது. உங்கள் படத்தில் அந்த மரபணுவின் பெட்டிகள் சரியான இடத்தில் வந்து, மாதிரி காயிலிருந்து எடுத்ததென்றால் ஆர்.என்.ஏ. ரீடுகளின் மேடுகளும் எக்ஸான்கள் (மரபணுவில் ஆர்.என்.ஏ.வில் எஞ்சி நிற்கும் பகுதிகள்) மேல் உட்கார்ந்தால் அடித்தளம் நன்றாக இருக்கிறது. உட்காரவில்லை என்றால் வண்ணத்தையும் எழுத்துருவையும் தொடாதீர்கள். கோளாறு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது.

## அறிகுறி: படம் வருகிறது, தடம் வெறுமையாக இருக்கிறது

அதிகம் வருவது இதுதான். பிழைச் செய்தி எதுவும் இருக்காது. அச்சு, தலைப்பு எல்லாம் இருக்கும், நடுவில் வெள்ளை.

முதலில் பெயரைப் பாருங்கள். ஒரு கோப்பில் குரோமோசோம் வெறும் 1 என்றிருக்கும், இன்னொன்றில் முன்னால் சி.எச்.ஆர். ஒட்டியிருக்கும், அமெரிக்க என்.சி.பி.ஐ. களஞ்சியத்திலிருந்து இறக்கியதில் என்.சி. என்று தொடங்கும் நீண்ட எண்ணாக இருக்கும். மூன்றும் ஒரே குரோமோசோம்தான். ஆனால் கணினிக்கு மூன்று வேறு பெயர்கள். பைஜீனோம்ட்ராக்ஸ் சி.எச்.ஆர். ஒட்டைச் சேர்த்தோ எடுத்தோ தானாகவே முயன்று பார்க்கும். என்.சி. எண்ணை அது ஊகிக்காது. பிக்விக் கோப்பை (மேடு பள்ளத்தின் எண்களைச் சேமிக்கும் கோப்பு) பைபிக்விக் என்ற பைதான் நூலகம் கொண்டு திறந்து குரோம்ஸ் என்ற செயற்கூற்றை அழைத்தால் உள்ளே இருக்கும் பெயர்களும் நீளங்களும் வந்துவிடும். மரபணுக் கோப்பின் முதல் பத்தியை (நெடுவரிசையை) பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பெயர் மாற்று அட்டவணை ஒன்றைச் செய்து, ஒரே ஒரு கோப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றத் தொடங்கினால் எது மூலம் என்பதே மறந்துபோகும்.

பெயர் சரியென்றால் வகையைப் பாருங்கள். பாண்டாஸ் என்ற பைதான் நூலகம் கொண்டு அட்டவணையைப் படிக்கும்போது 1, 2 என்ற பெயர்களை அது எண்ணாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேற்கோளுக்குள் "1" என்று எழுத்தாகத் தேடினால் ஒரு வரியும் பொருந்தாது. படிக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வகை என்று சொல்லிவிடுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் பிள்ளைகள் இதில் அதிக நேரம் இழக்கிறார்கள்.

அடுத்தது எல்லை. நீங்கள் கேட்ட இடம் அந்தக் குரோமோசோமின் நீளத்துக்குள் இருக்கிறதா? மேலே எடுத்த நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பிறகு கோப்பின் வடிவம். மரபணுத் தடம் மட்டும் வெறுமை என்றால், ஜி.எஃப்.எஃப்.3 கோப்பைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மரபணுக்களின் இடங்களை எழுதிவைக்கும் வடிவங்களில் பைஜீனோம்ட்ராக்ஸ் எதிர்பார்ப்பது பெட் அல்லது ஜி.டி.எஃப். ஜி.எஃப்.எஃப்.ரீட் என்ற சிறு கருவி ஒரே கட்டளையில் மாற்றித் தரும்.

அதன்பின் இன்டெக்ஸ், அதாவது எந்த இடம் கோப்பில் எங்கே என்று சொல்லும் துணைக் கோப்பு. ரீடுகளைப் பொருத்திவைத்த பாம் கோப்பை மறுபடி உருவாக்கியிருப்பீர்கள், பக்கத்தில் கிடக்கும் இன்டெக்ஸ் பழையதாக இருக்கும். இரண்டின் நேரத்தையும் பாருங்கள். இன்டெக்ஸ் மூத்ததாக இருந்தால் அழித்துவிட்டு சாம்டூல்ஸ் என்ற கருவி கொண்டு புதிதாகச் செய்யுங்கள்.

கடைசியாக, செலவு மிகுந்தது: மரபணுத்தொகுதியின் பதிப்பு. ரீடுகளை ஒரு பதிப்போடு பொருத்திவிட்டு, மரபணுக்களின் பட்டியலை வேறு பதிப்பிலிருந்து எடுத்திருந்தால் எந்த எண்ணும் எதோடும் சேராது. இதில் மோசமான நிலை வெறுமை அல்ல. பெயர்கள் ஒத்துப்போய், மேடுகள் வந்து, தவறான மரபணுக்களின் மேல் உட்கார்ந்திருப்பதுதான். கண்டுபிடிக்கும் வழி குரோமோசோம் நீளங்கள். ரீடுகளின் கோப்பிலும் மரபணுப் பட்டியல் வந்த பதிப்பிலும் முதல் குரோமோசோமின் நீளம் ஓர் எழுத்து வேறுபட்டாலும் பதிப்பு வேறு. இங்கே நிறுத்துங்கள். எண்களைக் கூட்டிக் கழித்து ஒட்டவைக்க முயல வேண்டாம். ரீடுகளை மறுபடி பொருத்த வேண்டும், அதற்கு ஆய்வுக்கூடத்தின் கணினி வேண்டும், மேற்பார்வையாளருக்கும் தெரிய வேண்டும்.

## அறிகுறி: எல்லாம் வருகிறது, ஆனால் ஓர் எழுத்து தள்ளி நிற்கிறது

அகலமான படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. நூறு எழுத்து அளவுக்கு நெருங்கிப் போனால்தான் தெரியும். ஆனால் மாறுபட்ட எழுத்துகளைக் காட்டும் படத்தில் இது விளையாட்டல்ல. ஷெல் மரபணுவில் 2013இல் கண்டறிந்த இரண்டு மாற்றங்களும் ஒற்றை எழுத்து மாற்றங்கள், இரண்டும் மிக அருகருகே இருப்பவை. அங்கே ஓர் இடம் பிசகினால் நீங்கள் காட்டுவது வேறு எழுத்து.

காரணம் எண்ணும் முறை. பெட், பெட்கிராஃப், பிக்விக் மூன்றும் சுழியத்திலிருந்து எண்ணும், முடிவு எண் உள்ளே சேராது. ஜி.எஃப்.எஃப்., ஜி.டி.எஃப்., மாறுபட்ட எழுத்துகளைப் பட்டியலிடும் வி.சி.எஃப். மூன்றும் ஒன்றிலிருந்து எண்ணும், முடிவு எண்ணும் சேரும். ஆகவே ஜி.டி.எஃப்.இல் 101 முதல் 200 வரை என்பது பெட்டில் 100 முதல் 200 வரை. இரண்டும் நூறு எழுத்துதான்.

பாம், வி.சி.எஃப். கோப்புகளைப் பைதானில் படிக்கப் பைசாம் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். மாறுபாட்டுப் பதிவில் பாஸ் என்பது ஒன்றிலிருந்து எண்ணுவது, ஸ்டார்ட் என்பது சுழியத்திலிருந்து எண்ணுவது. இரண்டையும் ஒரே நிரலில் கலந்து எழுதினால் நிச்சயம் பிசகும். என் பழக்கம், கோப்பைப் படித்த உடனேயே எல்லாவற்றையும் சுழிய முறைக்கு மாற்றிவிட்டு, அச்சில் எண் எழுதும் கடைசி வரியில் மட்டும் ஒன்று கூட்டுவது.

எண்கள் சரியாக இருந்தும் அரை எழுத்து தள்ளினால் அது மேட்பிளாட்லிப் செய்வது. பட்டை வரைபடம் இயல்பாகவே பட்டையை எண்ணின் நடுவில் வைக்கும், அலைன் என்பதை எட்ஜ் ஆக்குங்கள். நிரப்பி வரைகிறீர்கள் என்றால் ஸ்டெப் என்பதற்குப் போஸ்ட் கொடுங்கள்.

மேட்டின் ஓரம் மட்டும் எக்ஸானுக்கு வெளியே சில பத்து எழுத்துகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். பாம் கோப்பிலிருந்து பிக்விக் செய்யும் டீப்டூல்ஸின் பாம்கவரேஜ் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 50 எழுத்துக்கு ஒரு பெட்டி (மரபணுப் பெட்டி அல்ல, பின் எனப்படும் கணக்குப் பெட்டி) என்று கூட்டிவிடும். நெருக்கமான படத்துக்குப் பெட்டி அளவை 1 என்று வைத்து மறுபடி உருவாக்குங்கள்.

## அறிகுறி: இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டால் உயரங்கள் நம்பும்படி இல்லை

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற கோளாறுகள் உங்கள் நேரத்தைத்தான் கெடுக்கும். இது முடிவையே கெடுக்கும். படம் அழகாக இருக்கும், மேற்பார்வையாளர் தலையாட்டுவார், ஆய்வேட்டில் ஏறிவிடும்.

எளியது: செங்குத்து அச்சு. ஒவ்வொரு தடமும் தன் உச்சத்துக்கு ஏற்பத் தானே அளவை அமைத்துக்கொள்ளும். டூராவின் தடத்தில் உச்சம் 20, டெனெராவின் தடத்தில் 200 என்றாலும் திரையில் இரண்டும் ஒரே உயரம். மேட்பிளாட்லிப்பில் எல்லாத் தடங்களுக்கும் ஒரே மேல் எல்லையை நீங்களே எழுதுங்கள். பைஜீனோம்ட்ராக்ஸில் ஒவ்வொரு தடத்தின் கீழும் மேக்ஸ் வேல்யூ வரியைச் சேருங்கள். மேல் எல்லையின் எண் படத்தில் தெரிய வேண்டும். எண் இல்லாத உயரத்தை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

அடுத்தது ரீடுகளின் மொத்தம். ஒரு மாதிரியில் 4 கோடி ரீடுகள், இன்னொன்றில் 2 கோடி என்றால், மரபணு ஒரே அளவில் வேலை செய்தாலும் முதலாவது இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். பாம்கவரேஜில் சி.பி.எம். முறையைத் தேர்ந்தெடுத்தால் பத்து லட்சம் ரீடுக்கு எத்தனை என்று சமப்படுத்திவிடும். இரண்டு மாதிரிக்கும் ஒரே முறை, ஒரே பெட்டி அளவு.

அதற்கடுத்தது சராசரி. "கிட்டப் போய்ப் பார்த்தா மேடு இருக்கு, தூரத்துல காணோம்" என்று சொல்வார்கள். பைஜீனோம்ட்ராக்ஸ் இயல்பாகப் படத்தின் அகலத்தை 700 பெட்டிகளாக்கி ஒவ்வொன்றிலும் சராசரி எடுக்கும். 70 லட்சம் எழுத்துள்ள பகுதியை வரைந்தால் ஒரு பெட்டிக்கு 10,000 எழுத்து. அதற்குள் 300 எழுத்து அகலமுள்ள மேடு கரைந்துபோகும். பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது சராசரிக்குப் பதில் உச்சத்தைக் காட்டச் சொல்லுங்கள். உச்சத்தைக் காட்டினால் படத்தின் விளக்கத்தில் அதை எழுதிவிடுவது கடமை. பைபிக்விக் கொண்டு நீங்களே எண்ணெடுத்தால் எக்ஸாக்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லையென்றால் கோப்பில் ஏற்கெனவே சுருக்கி வைத்திருக்கும் தோராய மதிப்புகளைத்தான் அது தரும்.

ஓரிடத்தில் மட்டும் கோபுரம், மற்றதெல்லாம் தரை என்றால் மரபணுத்தொகுதியின் இயல்பைப் பாருங்கள். செம்பனையின் 180 கோடி எழுத்துகளில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். பல இடங்களுக்குப் பொருந்தும் ரீடுகள் ஓரிடத்தில் குவிந்துவிடும். இலையிலிருந்து எடுத்த மாதிரியென்றால் பசுங்கணிகத்தின் ரீடுகளும் ஏராளம், அவற்றை ஒத்த துண்டுகள் குரோமோசோமுக்குள்ளும் உண்டு. பொருத்தத் தர மதிப்பு குறைந்த ரீடுகளைச் சாம்டூல்ஸ் கொண்டு நீக்கிவிட்டு மறுபடி வரையுங்கள். கோபுரம் மறைந்தால் அது மரபணுவின் வேலை அல்ல. மறையவில்லை என்றால் மடக்கை அளவில் காட்டலாம், ஆனால் கோபுரத்தை வெட்டி மறைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரே வகை மரத்தின் இரண்டு மாதிரிகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு படத்தில் இல்லை. மாதிரி எடுத்ததிலோ வரிசை வாசித்ததிலோ இருக்கலாம், குப்பிகளின் பெயர்கள் மாறியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.

## அறிகுறி: மரபணுப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன

பகுதி மிக அகலமாக இருக்கலாம். அப்படியானால் பெயர்களை அணைத்துவிடுங்கள், பெட்டிகள் போதும். அகலம் சரியென்றால், ஒரே மரபணுவின் பல டிரான்ஸ்கிரிப்டுகள் (அதிலிருந்து உருவாகும் வெவ்வேறு ஆர்.என்.ஏ. வடிவங்கள்) தனித்தனியாக வரையப்படுகின்றன. மிக நீளமானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது பைஜீனோம்ட்ராக்ஸில் ஒன்றாக இணைக்கச் சொல்லலாம். கையால் வரைபவர்கள் மரபணுக்களைத் தொடக்க எண்படி அடுக்கி, முந்தையது முடிந்த வரிசையில் அடுத்ததை வையுங்கள். எந்த வரிசையிலும் இடமில்லை என்றால் புதிய வரிசை திறங்கள். பத்து வரி நிரல்தான்.

## அறிகுறி: தடங்கள் நேர்க்கோட்டில் இல்லை, அச்சில் விசித்திர எண்

மேல் தடத்தின் மேடும் கீழ்த் தடத்தின் பெட்டியும் சற்று விலகி நின்றால், மேட்பிளாட்லிப் இருபுறமும் தானாகச் சேர்க்கும் இடைவெளி காரணம். எல்லாத் தடங்களும் ஒரே கிடை அச்சைப் பகிரட்டும், இடது வலது எல்லையை நீங்களே எழுதுங்கள். ஒரு தடத்துக்கு மட்டும் வண்ண அளவுப்பட்டை வைத்தால் அந்தத் தடம் குறுகிவிடும். பட்டைக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். அச்சின் ஓரத்தில் 1இ6 என்று தொங்கினால், எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்து எழுதும் சிறு வடிவூட்டியைக் கொடுத்தால் போதும்.

## அறிகுறி: தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாக வருகின்றன

தோட்ட மக்களுக்கு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் படத்தில் "ஓடு தடித்தது", "ஓடு மெல்லியது" என்று தமிழிலேயே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். கட்டங்கள் வந்தால், மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டேஜாவூ சான்ஸில் தமிழ் இல்லை என்பதே காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி அதன் பெயரைக் கொடுங்கள்.

கட்டம் போய் எழுத்து வந்தும் கொம்பு இடம் மாறி, "கொ" பிரிந்து நிற்கலாம். எழுத்துகளைத் தமிழ் முறைப்படி கோக்கும் வேலை நடக்கவில்லை என்று பொருள். அதற்கு எளிய வழி, படத்தை எஸ்.வி.ஜி. ஆகச் சேமிப்பது. சேமிக்கும் முன் எஸ்.வி.ஜி. எழுத்துரு அமைப்பை நன் என்று வைத்தால் எழுத்துகள் கோடுகளாக மாறாமல் எழுத்தாகவே இருக்கும். இங்க்ஸ்கேப்பில் திறந்தால் தமிழ் ஒழுங்காகக் கோத்து வரும். அங்கிருந்து பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளலாம்.

## அறிகுறி: நிறுவவே முடியவில்லை

விண்டோஸில் நேரடியாக முயல்கிறீர்களா? பைசாமும் பைபிக்விக்கும் லினக்ஸ், மேக் கணினிகளுக்காக வந்தவை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் தரும் டபிள்யூ.எஸ்.எல். வசதியை இயக்கி, அதற்குள் மினிஃபோர்ஜ் என்ற நிறுவல் கருவியை நிறுவி, பயோகோண்டா என்ற மென்பொருள் களஞ்சியம் வழியாக எடுங்கள். பதிவிறக்கம் கணிசமாக இருக்கும், அதனால் கைப்பேசி இணைய வேகத்தில் தொடங்க வேண்டாம். பல்கலைக்கழகத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

மடிக்கணினி பழையது, இடமில்லை என்றால் கூகுள் கோலாப் போதும். அது உலாவி வழியாகக் கிடைக்கும் லினக்ஸ், உங்கள் மடிக்கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். வேண்டிய நூலகங்களைக் கோலாபுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம்.

## அறிகுறி: கணினி உறைந்துபோகிறது, பி.டி.எஃப். திறக்க மறுக்கிறது

முழு பாம் கோப்பையும் படிக்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் பல்கலைக்கழகச் சேவையகத்திலேயே சாம்டூல்ஸ் கொண்டு வெட்டியெடுத்தால் சில மெகாபைட்தான் வரும், அதை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஊரில் இணையம் மெதுவாக இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பெரிய ஜி.டி.எஃப். கொடுத்தால் பைஜீனோம்ட்ராக்ஸ் அதை முழுவதும் படித்தே தொடங்கும். அதையும் பகுதியளவுக்கு வெட்டிக்கொடுங்கள். பி.டி.எஃப். கனக்கிறது என்றால் உள்ளே லட்சக்கணக்கான சிறு வடிவங்கள் இருக்கின்றன. மேடுகளின் தடத்துக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு (வடிவங்களைப் புள்ளிப் படமாக்குவது) என்பதை ட்ரூ ஆக்குங்கள், எழுத்தும் அச்சும் கூர்மையாகவே இருக்கும்.

## எப்போது ஆள் தேட வேண்டும்

பதிப்பு வேறுபடுகிறது, ஒரே வகை மாதிரிகள் தங்களுக்குள் முரண்படுகின்றன, ஷெல் மரபணுவின் மேல் ரீடே இல்லை, அல்லது ரீடுகளை நீக்கும் அளவை மாற்ற மாற்ற முடிவே மாறுகிறது. இந்த நான்கில் எது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்து போராட வேண்டாம். துறையில் உயிர்த்தகவலியல் பார்ப்பவரிடம் போங்கள். ஷெல் மேல் ரீடு இல்லை என்றால் மட்டும், போகும் முன் எந்த உறுப்பின் மாதிரி என்று பாருங்கள். அது காயின் வளர்ச்சியில் வேலை செய்யும் மரபணு. இலையின் ஆர்.என்.ஏ.வில் அது காணாமல் இருப்பது கோளாறு ஆகாது.

போகும்போது படத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எந்தப் பதிப்பு, குரோமோசோம் பெயர்களும் நீளங்களும், பாம் கோப்பை உருவாக்கிய கட்டளை, பிக்விக் செய்த கட்டளை, அமைப்புக் கோப்பு, ஷெல் மரபணுவின் சோதனைப் படம் ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு கட்டளைகளைத்தான்.